ஐந்து தலை நாகமும் வால் இல்லாத மீனும்

ஜூலை 8, திங்கள்

இன்று நான் சொல்லாதது: அம்மாவின் வயிற்றில் இருப்பது வெறும் புண் அல்ல.

சொல்லியிருக்கலாம். திருநெல்வேலியில் டாக்டரின் அறையை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது அம்மா என் கைப்பையையும் தன் பையையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவையும் அப்பாவையும் விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னட்டி சொன்னாவ?"

நான் வாய் திறப்பதற்குள் ஜெயக்கொடி மாமா சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை அவர்தான் எடுப்பார்.

"வயித்துல சின்னப் புண்ணுக்கா. மருந்துல ஆறிரும். மதுரையில ஒரு தடவை காட்டிட்டா நல்லதுன்னு சொல்லுதாவ."

இந்த வாக்கியம் உள்ளேயே, கதவைத் திறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டது. "எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணாச் சொன்னா அக்கா கண்டுபிடிச்சிருவா," என்றார் மாமா. அப்பா மறந்துவிடுமோ என்று பயந்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் சொன்னது இதுதான். இரைப்பையில் புற்றுநோய். மதுரையில் அறுவை செய்து பார்க்கலாம். எவ்வளவு பரவியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். 29ஆம் தேதி சேர்ப்பதற்கு அவரே அங்கே தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தார். "பேஷண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது சார். தெரியவும் வேண்டாம். பயந்துருவா," என்றார் மாமா. டாக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இது பழகிய பதில் போலிருந்தது.

அம்மா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

பேருந்தில் தூத்துக்குடி வரும்வரை அம்மா வாங்க மறந்த ஊதா நூலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. பள்ளிக்கு வரும் வழியில் உள்ள உடைமரக் காட்டில் ஐந்து தலை நாகம் படமெடுத்து நிற்கிறதாம். படம் எல்லார் வீட்டுப் போனிலும் வந்துவிட்டது. வந்த பிள்ளைகள் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியை என்னை அழைத்தார். "செண்பகம் டீச்சர், நீங்கதான் நெறையப் படிக்கீங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட நீங்களே வச்சுக்கிடுங்க. எது நெசம், எது கம்ப்யூட்டர்ல பண்ணுனதுன்னு இதுகளுக்குச் சொல்லிக் குடுங்க. இல்லேன்னா அடுத்த வாரம் கடல்கன்னி வந்திருக்குன்னு ஒருத்தனும் வர மாட்டான்."

"கடல்கன்னின்னா எல்லாரும் சீக்கிரமே வந்துருவானுங்க டீச்சர்," என்றார் பக்கத்திலிருந்த கணக்கு ஆசிரியர்.

சிரித்தேன். சிரிக்க முடிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

பாடத்துக்குப் படங்கள் வேண்டும். தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. அம்மாவின் போனிலேயே கிடக்கின்றன. அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண்கள் எல்லாரும் ஒரு குழுவில் இருக்கிறார்கள். அளவு, பொத்தான், "அக்கா எப்போ தருவீங்க" எல்லாவற்றுக்கும் நடுவில் இறக்கை முளைத்த பூனை, மனித முகம் கொண்ட ஆட்டுக்குட்டி, கடவுளின் அதிசயப் படைப்பு, பத்துப் பேருக்கு அனுப்பவும்.

சாயங்காலம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இறக்கை வச்ச பூனை. நிஜமா பொய்யா?"

அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள். "பொய். மயிரு ஒரு பக்கமாப் படிஞ்சிருக்கு, இறக்கையில மறுபக்கமாப் படிஞ்சிருக்கு. வேற துணியில வெட்டி ஒட்டுனது."

"சரி. இது?"

பிளாட்டிபஸ். வாத்தின் அலகு, நீர்நாயின் உடம்பு, முட்டையிட்டுப் பால் கொடுக்கும்.

"இது அதைவிடப் பொய்."

"இது நிஜம்மா. ஆஸ்திரேலியாவுல இருக்கு. முதல்முதலா இதோட தோல லண்டனுக்கு அனுப்புனப்ப, அங்க உள்ள பெரிய படிப்பாளி ஒருத்தர் யாரோ ஏமாத்துதாங்கன்னு கத்திரிக்கோல எடுத்துத் தையல் இருக்கான்னு தேடினாராம்."

"இருந்துச்சா?"

"இல்ல."

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டாள். "கத்திரிக்கோலோட தேடுனானா! நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." பிறகு, "தெனம் ரெண்டு காட்டு. நல்லா இருக்கு," என்றாள்.

ஆகஸ்ட் ஐந்து, மாதா கோயில் திருவிழா. கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அம்மாதான் கவுன் தைக்கிறாள். அறை முழுக்கப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் பெயர். இன்று ஒரு பையையும் அவிழ்க்கவில்லை. ராத்திரி ஒரு இட்லியில் பாதியை மூடி வைத்தாள்.

ஜூலை 12, வெள்ளி

படப் பாடத்தின் முதல் நாள். கணினி அறைச் சுவரில் படங்களைப் போட்டுக் காட்டினேன்.

ஐந்து தலை நாகத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். படத்தைப் பெரிதாக்கினால் ஐந்து தலையிலும் ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம். ஒரே தலையை ஐந்து முறை ஒட்டியிருக்கிறார்கள். பிறகு அதே படம் வேறு வேறு ஊர்களில் சுற்றியதைக் காட்டினேன். ஒன்றில் கேரளம், ஒன்றில் ஆந்திரம், எங்களுக்கு வந்ததில் உடைமரக் காடு. ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது. பார்த்தவர் சொன்னதாக உள்ள வாக்கியம் மட்டும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. "ஆடு மேய்க்கப் போன பெரியவர் கண்டு மயங்கி விழுந்தார்."

"எல்லா ஊர்லயும் ஒரே பெரியவர்தான் மயங்கி விழுதாரு டீச்சர்," என்றான் மிக்கேல். வகுப்பே சிரித்தது.

அதன்பின் வந்தது சிக்கல். எறும்புண்ணியைக் காட்டினேன், பொய் என்றார்கள். கண்ணாடித் தவளை, பொய். மூக்கில் நட்சத்திரம் போல விரல்கள் உள்ள அகழெலி, பெரிய பொய். போன வாரம் எதையும் நம்பியவர்கள் இந்த வாரம் எதையும் நம்பவில்லை. மிக்கேல் எழுந்து கேட்டான்: "டீச்சர், இனிமே எல்லாத்தையும் பொய்யின்னு சொல்லிட்டா தப்பே வராதுல்லா?"

மணி அடித்துவிட்டது. பதில் அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 13, சனி

அம்மாவின் ரவிக்கைகளைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொடுத்தேன். எனக்கு வராத வேலை. அவளே அளவு சொன்னாள். "ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு புடி," என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஒன்றரையே புடி," என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

நூலகத்தில் நோயைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுப் பாடப்புத்தகங்களோடு வைத்திருக்கிறேன். ஒன்றில், நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மிகவும் நியாயமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக் காரணங்களும் சரியாக இருக்கின்றன. அதில் எங்கேயும் மடியில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இல்லை.

நாவல்களில் சாகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசுகிறார்கள். அம்மா இன்று பேசியது பொத்தான் விலையைப் பற்றி.

ஜூலை 19, வெள்ளி

படப் பாடத்தின் இரண்டாம் நாள். நான் தொடங்குவதற்கு முன்பே பிரிஸ்கா கை தூக்கினாள். கடைசி பெஞ்சு, அதிகம் பேசாத பெண். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர்.

"டீச்சர், எங்க அப்பா வலையில முந்தாநாள் ஒரு மீனு வந்துச்சு. அதுக்கு வாலே இல்ல. தலை மட்டும் நீந்திட்டு வந்த மாதிரி இருந்துச்சாம். கட்டுமஸ்தா இவ்வளவு பெருசு. அப்பாவுக்கே பேரு தெரியல."

"போட்டோ எங்கட்டி?" என்றான் மிக்கேல்.

"போட்டோ இல்ல. யாரும் வாங்க மாட்டாங்கன்னு கடல்லயே விட்டுட்டாங்க."

அவ்வளவுதான். "பொய்!" என்று அறை அதிர்ந்தது. "ஏட்டி, உங்க அப்பா அன்னைக்கு எத்தன கிளாஸ் போட்டாரு?" என்று ஒருவன் கேட்டான். பிரிஸ்கா உட்காரவில்லை. அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அந்த மீன் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் நான் தீர்ப்பு சொன்னால் அவர்கள் என்னைத்தான் நம்புவார்கள். அதில் பாடம் இல்லை. "போட்டோ இல்லாததால பொய்யின்னு ஆயிருமா?" என்று கேட்டேன். "ஆயிரும்," என்றார்கள். "ஐந்து தலை நாகத்துக்குப் போட்டோ இருந்துச்சே?"

ஒன்றிரண்டு பேர் பிரிஸ்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

படகில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்று பிரிஸ்காவிடம் கேட்டேன். அப்பாவோடு சேர்த்து மூன்று பேர் என்றாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வலை சரிபார்க்கக் கடற்கரைக் கொட்டகைக்கு வருவார்கள். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவானது.

ஜூலை 21, ஞாயிறு

கடற்கரை. மூன்று குழு, மூன்று ஆள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்று தூரத் தூர உட்காரவைத்தேன்.

"என்ன டீச்சர், போலீசு விசாரணையா?" என்றார் பிரிஸ்காவின் அப்பா வியாகுலம். "பாத்துக்கிடுங்க, அவன் மாத்திச் சொல்லுவான். அவனுக்குக் கண்ணு செரியில்ல."

மாற்றித்தான் சொன்னார்கள். வியாகுலம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு என்றார். இன்னொருவர், நாலு பேர் படுக்கிற கட்டில் என்றார். மூன்றாமவர், "கட்டிலாவது! ஒரு பெரிய தாம்பாளம் இருக்கும். இவனுக ஏத்திச் சொல்லுதானுவ," என்றார். ஒருவருக்கு அது சாம்பல், ஒருவருக்கு வெள்ளை. ஒருவர் அதைச் செத்த திருக்கை என்று நினைத்திருக்கிறார், நீர்மட்டத்தில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்ததால். ஒருவர் கையால் தொட்டிருக்கிறார். கை முழுக்கக் கோழையாம், கழுவக் கழுவப் போகவில்லையாம்.

ஆனால் மூன்று பேரும் கேட்காமலே சொன்னவை உண்டு. வால் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே பெரிய துடுப்பு. வாய் சின்னது, மூடவே இல்லை. "சொல்ல வந்து பாதியில மறந்துபோன ஆள் மாதிரி," என்றார் வியாகுலம்.

பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து மூன்றையும் ஒப்பிட்டார்கள். மிக்கேல் மூன்று அளவையும் விரலால் வரைந்து பார்த்தான். பிறகு, "டீச்சர், இவங்க கூடிப் பேசியிருந்தா எல்லாரும் ஒரே அளவுதான சொல்லியிருப்பாங்க?" என்றான்.

அதன்பிறகுதான் போனில் சூரியமீனின் படத்தைக் காட்டினேன். வியாகுலம் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இதுதான்! ஏலே, இங்க வாங்கலே, இதுதான்!"

பிரிஸ்கா மிக்கேலைத் திரும்பிப் பார்த்தாள். "போய் எல்லாத்தையும் பொய்யின்னு சொல்லு, போ," என்றாள்.

நல்ல நாள். வீடு திரும்பும்போதுதான் மூன்று பேரும் ஒரே அளவைச் சொல்லும் வீடு ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது.

ஜூலை 22, திங்கள்

அம்மாவுக்கு மீன் கதையைச் சொன்னேன். தாம்பாளமும் கட்டிலும் வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்போ நெசம்னா ஆளுக்கு ஆள் மாறும். அப்படித்தான?"

"கொஞ்சம் மாறும். கண்டவன் அவனவன் கண்டதைச் சொல்வான்."

"பொய்யின்னா?"

நான் உலையில் அரிசி போடப் போய்விட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. பைகளை எல்லாம் தரையில் இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்திருந்தாள். அப்பா உப்பளத்திலிருந்து இன்னும் வரவில்லை.

"இன்னிக்கு நான் ஒண்ணு காட்டுதேன். நீ சொல்லு," என்றாள்.

போனை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"உங்க அப்பாகிட்ட காலையில கேட்டேன். வயித்துல சின்னப் புண்ணு, மருந்துல ஆறிரும், மதுரையில ஒரு தடவை காட்டிட்டா நல்லதுன்னாரு. உங்க மாமாவுக்குப் போனப் போட்டேன். வயித்துல சின்னப் புண்ணு, மருந்துல ஆறிரும், மதுரையில ஒரு தடவை காட்டிட்டா நல்லதுன்னான். போன வாரம் நீயும் அதத்தான் சொன்ன. உங்க அப்பா ஒரு நாளும் ஒரு பேச்ச ரெண்டு தடவை ஒண்ணு போலச் சொன்னவர் இல்ல. உப்பு வாங்கிட்டு வான்னா அதையே மாத்திக் கேப்பாரு."

அம்மா ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தா பாரு, இது பூரா ஊர்ப் பிள்ளைக துணி. இந்த வரிசை நான் தச்சு முடிச்சிருவேன். அந்த வரிசைய முடிக்க முடியாதுன்னா இன்னைக்கே திருப்பிக் குடுக்கணும். இன்னும் நாளு இருக்கு, வேற ஆள்கிட்டக் குடுத்துத் தச்சுக்கிடுவாங்க. கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்துட்டு, இந்த இசக்கியம்மா ஆஸ்பத்திரியில கெடக்கான்னு நீ போயி நின்னா, அதுக திருவிழாவுக்குப் பழைய துணியைப் போட்டுட்டுப் போகும். அதான் கேக்கேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பாடத்துக்குக் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"சின்னப் புண்ணு. நிஜமா, பொய்யா?"

"பொய்," என்றேன்.

"புத்துநோயா?"

"ஆமாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு இரண்டாவது வரிசையிலிருந்து மூன்றை எடுத்து முதல் வரிசையில் வைத்தாள். "இதுக சின்னப் பிள்ளைக. கவுனு சின்னது. முடிச்சிரலாம்," என்றாள்.

என்னைக் கட்டிக்கொள்வாள் என்றோ, நான் கட்டிக்கொள்வேன் என்றோ நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. ஊதா நூலை ஊசியில் கோத்துத் தரச் சொன்னாள். என்னால் கோக்க முடியவில்லை. வாங்கி அவளே கோத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்குத் தெரியும்னு உங்க அப்பாகிட்டச் சொல்லிராத. மாமாகிட்டயும். அவங்க தாங்க மாட்டாங்க."

ஜூலை 24, புதன்

அம்மா கேட்டுக்கொண்டபடி இடைவேளையில் திருநெல்வேலி டாக்டருக்குப் போன் செய்தேன். பத்து நாள் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? "பத்து நாள்ல பெருசா மாறாதும்மா," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எங்க வீட்டு ஆளா இருந்தா நான் தள்ள மாட்டேன்," என்றார்.

இரண்டு பாதியையும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு பாதியை மட்டும் சொல்ல முடியும் என்று தெரிந்தே, இரண்டையும்.

"மொதப் பாதி டாக்டர் சொன்னது. ரெண்டாவது பாதி மனுசன் சொன்னது," என்றாள் அம்மா.

ஜூலை 25, வியாழன்

மாமா வந்தார். 29ஆம் தேதி அதிகாலை கார் வரும், பெட்டியைக் கட்டி வை என்றார்.

அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "எட்டாந் தேதிக்கு மாத்திச் சொல்லு. மாதா கோயில் திருவிழா முடிஞ்சு வாரேன்."

"அதெல்லாம் மாத்த முடியாதுக்கா. எடம் சொல்லியாச்சு."

"ஏம்ல மாத்த முடியாது? சின்னப் புண்ணுதான?"

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"மருந்துல ஆறிரும்னு நீதான சொன்ன?"

"ஆறிரும்... ஆறும்தான். ஆனாலும்..."

"மதுரையில ஒரு தடவை காட்டிட்டா நல்லதுன்ன. நல்லதுதான், காட்டுவோம். எட்டாந் தேதி காட்டுனா நல்லதில்லயா? புண்ணு என்ன பஸ்ஸுக்கா போகுது?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நான் அதுவரை பார்த்திராத கெஞ்சல் இருந்தது. ஏதாவது சொல், நீதானே படித்தவள் என்பது போல. அவசரம் என்று சொன்னால் ஏன் அவசரம் என்று அக்கா கேட்பாள். அவர் கட்டிய சுவருக்குள் அவரே நின்றுகொண்டிருந்தார்.

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "காப்பி போடுட்டி மாமாவுக்கு. நல்லா சீனி போடு, முகத்தப் பாரு எப்படிச் சுண்டிப் போயிருக்குன்னு."

சமையலறையில் பாலை அடுப்பில் வைத்தேன். ஒரே ஒரு சொல் சொன்னால் தேதி மாறுவதை நிறுத்திவிடலாம். அம்மாவுக்குத் தெரியும் என்று சொன்னால் போதும். மாமா கும்பிட்டாவது 29ஆம் தேதியே கூட்டிக்கொண்டு போயிருப்பார். அம்மாவிடம் உண்மை பேசிவிட்டேன் என்ற நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. காப்பியில் சீனி நிறையப் போட்டேன்.

எட்டாம் தேதிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேற்றம். வகுப்பு இல்லை. இரண்டாவது வரிசைப் பைகளை அம்மா சொன்ன வீடுகளில் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா முன்னாடியே போனில் பேசியிருந்தாள். ஒரு வீட்டில் கைவலி என்று சொல்லியிருந்தாள். ஒரு வீட்டில் மிஷின் பழுது. பிரிஸ்காவின் அம்மாவிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அவர் பையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர். அக்கா சத்தியம் வாங்கியிருக்காவ."

ஜூலை 31, புதன்

சாப்பாடு குறைந்துவிட்டது. கஞ்சி மட்டும். மிஷினை மிதிக்க முடியாததால் நான் மிதிக்கிறேன், அம்மா துணியைத் தள்ளுகிறாள். "மெதுவாட்டி. கார் ரேசா ஓட்டுத?" என்று திட்டுகிறாள்.

அப்பா வாசலில் நின்று பார்க்கிறார். இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "மருந்து கேக்குது போல," என்றார். அம்மா என் காலை மிதித்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மிக்கேலின் கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். எல்லாவற்றையும் பொய் என்று சொல்லிவிட்டால் ஏமாற மாட்டோம். ஆனால் பிரிஸ்காவின் அப்பா உயிருள்ள ஒரு மீனைத் தொட்டு, அதைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போயிருப்பார். நம்பாமல் இருப்பதும் ஒருவருக்குச் செய்கிற காரியம்தான். அதனால் நம்ப மறுப்பதற்கு முன்னாலும் எழுந்து போய்க் கேட்க வேண்டும்.

"தெனம் போய்க் கேட்டுட்டு இருந்தா எப்ப டீச்சர் படிக்கது?" என்றான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

உள்ளூர் விடுமுறை. சாயங்காலம் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலில் நாற்காலி போடச் சொன்னாள். தேர் பார்க்கப் போகிற பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கவுனையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். "அந்த மஞ்சக் கவுனுக்குக் கழுத்து எறங்கிப் போச்சு. பாத்தியா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மதுரை. அம்மாவைச் சேர்த்தாயிற்று. நாளை மறுநாள் அறுவை. வார்டு வாசலில் நர்ஸ், "என்ன பிரச்சினைம்மா உங்களுக்கு?" என்று கேட்டபோது அம்மா மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வயித்துல சின்னப் புண்ணு." மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, சனி

திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

மாமா தாழ்வாரத்தில், அறுவை செய்த டாக்டரிடம் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டார். "அதைச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். இதைச் சரிபார்க்க யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வீட்டில் இருக்கிறோம். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்லயா?" என்றாள். கடலின் அடியில் வெளிச்சத்தைத் தூண்டில் போல நெற்றியில் தொங்கவிட்டுக்கொண்டு இரை பிடிக்கும் மீனைப் பற்றிச் சொன்னேன்.

"நெசம்," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

செப்டம்பர் 30, திங்கள்

அம்மா இம்மாதம் பதினான்காம் தேதி காலையில் இறந்தாள். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்களிடம் எல்லாம் மாமா, "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டோம்," என்று சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முகம் தெளிவாக இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, தெரியாது," என்று தலையாட்டினார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பிரிஸ்காவின் அம்மா ஒரு நொடி கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினார்.

இன்று பள்ளிக்குப் போனேன்.